புத்தருக்குத் தலையில் முடியே கிடையாது, தெரியுமா?

தலை முழுக்கச் சுருள் சுருளாக முடி, உச்சியில் ஒரு கொண்டை, தோளைத் தொடும் காது. புத்தர் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது இந்த உருவம்தானே? நிஜத்தில் அவர் மொட்டைத் தலையர்! வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடியும் தாடியும் மழித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாப் பிக்குகளையும் போல மழித்த தலையோடுதான் காலம் முழுக்க ஊர் ஊராக நடந்தார். மூத்த பௌத்த நூல்களைப் புரட்டினால் இதற்குச் சாட்சி ஒன்றல்ல, பல கிடைக்கின்றன.

சுந்தரிக பாரத்வாஜர் என்று ஓர் அந்தணர். ஆற்றங்கரையில் வேள்வி முடித்துவிட்டு, மிஞ்சிய உணவை யாருக்குக் கொடுக்கலாம் என்று நாலாபக்கமும் பார்க்கிறார். ஒரு மரத்தடியில் யாரோ தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போகிறார். காலடிச் சத்தம் கேட்டு அவர் முக்காட்டை விலக்க, அந்தணருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. அட, மொட்டை! வந்த வழியே திரும்பப் பார்த்தவர், பிறகு மனசு மாறி, என்ன குலம் என்று விசாரிக்கிறார். குலத்தை விட்டுவிட்டு ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்கச் சொல்கிறார் புத்தர்.

இதைவிடப் பெரிய அதிசயம், ஒரு மன்னனுக்கே அவரை அடையாளம் தெரியாமல் போனது! மகத நாட்டு அஜாதசத்ரு, தகப்பன் பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறியவன். கார்த்திகைப் பௌர்ணமி இரவு. யானைகளும் தீப்பந்தங்களுமாக, ஜீவகன் என்ற வைத்தியரின் மாந்தோப்புக்குப் புத்தரைப் பார்க்க வருகிறான். தோப்பை நெருங்க நெருங்க அவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. உள்ளே 1,250 பிக்குகள் இருக்கிறார்கள் என்றாயே, ஒரு தும்மல் இல்லை, ஓர் இருமல் இல்லை, என்னை எதிரிகளிடம் காட்டிக்கொடுக்கிறாயா என்று ஜீவகனைக் கேட்கிறான். பயப்படாமல் வாருங்கள், அதோ மண்டபத்தில் விளக்கு எரிகிறது என்று அழைத்துப் போகிறார் ஜீவகன். வாசலில் நின்று பார்த்த மன்னனுக்கு எல்லாத் தலையும் ஒன்றாகவே தெரிகிறது. இவர்களில் புத்தர் யார் என்று கேட்கவேண்டியதாகிறது! நடுத்தூணை ஒட்டிக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பவரை ஜீவகன் காட்டிக்கொடுத்த பிறகுதான் கும்பிடு போடுகிறான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ராஜகிருகத்தில் பார்க்கவன் என்றொரு குயவர். ஒரு சாயங்காலம் புத்தர் தனியாக வந்து, உன் பட்டறையில் ஓர் இரவு தங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஏற்கெனவே ஒரு துறவி வந்து தங்கியிருக்கிறார், அவருக்குச் சம்மதமென்றால் எனக்கும் சம்மதம் என்கிறார் குயவர். அந்தத் துறவியின் பெயர் புக்குசாதி. இடம் தாராளமாக இருக்கிறது, வாருங்கள் என்கிறார். இரண்டு பேரும் புல்லைப் பரப்பி எதிரெதிரே உட்கார்கிறார்கள். இரவு வெகுநேரம் பேச்சே இல்லை.

பிறகு புத்தர் மெதுவாகக் கேட்கிறார்: யாரை நம்பித் துறவு பூண்டாய்? கௌதமர் என்ற சாக்கியரை நம்பி என்கிறார் புக்குசாதி. அவர் இப்போது எங்கே? வடக்கே, சிராவஸ்தியில். பார்த்திருக்கிறாயா? இல்லை. பார்த்தால் தெரியுமா? தெரியாது!

எதிரே உட்கார்ந்திருப்பவரே அவர்! அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நான்தான் அது என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? புத்தர் சொல்லவில்லை. நேரே உபதேசத்துக்குப் போய்விட்டார். கேட்கக் கேட்கத்தான் புக்குசாதிக்குத் தன்னெதிரே இருப்பவர் யார் என்று விளங்குகிறது. இவ்வளவு நேரம் சரிசமமாகத் தோழரே என்று கூப்பிட்டுவிட்டேனே என்று காலில் விழுகிறார். முகத்தைப் பார்த்துத் தெரியாதவரைப் பேச்சை வைத்துக் கண்டுபிடித்த அந்த இரவுக்கு ஈடாக எந்த ஆகாய அற்புதத்தையும் என்னால் வைக்க முடியாது.

அப்படியானால் இந்தச் சுருள்முடி எப்போது வந்தது? அவர் மறைந்து பல நூறு ஆண்டுகளுக்கு அவருக்குச் சிலையே கிடையாது, தெரியுமா? காந்தாரத்திலும் மதுராவிலும் கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில்தான் புத்தருக்கு மனித உருவம் பரவலாகச் செதுக்கத் தொடங்கினார்கள். அதுவரை சிற்பிகள் அவரைக் காட்டவேண்டிய இடத்தில் ஒரு காலி ஆசனம் செதுக்கினார்கள். அல்லது அரச மரம், சக்கரம், ஒரு ஜோடி பாதம். கதையில் எல்லோரும் இருப்பார்கள், கதாநாயகர் மட்டும் இருக்கமாட்டார்! சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அமராவதிச் சிற்பங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம்.

பார்ஹுத் தூபியின் வேலியில் ஒரு வட்டச் சிற்பம், இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக ஜேதவனத்தை விலைக்கு வாங்கும் காட்சி அது. இடம் முழுக்கப் பொற்காசு பரப்பினால் தருகிறேன் என்று ஜேதன் என்ற இளவரசன் வாய்விட்டுச் சொல்லிவிட, வணிகர் வண்டி வண்டியாகக் காசு கொண்டுவந்து கொட்டினாராம். கிட்டப் போய்ப் பாருங்கள்: மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டி, பக்கத்தில் ஓய்வாக மாடுகள், உட்கார்ந்து சதுரச் சதுரமான காசுகளைத் தரையில் அடுக்கும் ஆட்கள். அந்தக் காலத்தில் சதுரக் காசுகள் உண்டு! கீழே பிராமி எழுத்தில், அனாதபிண்டிகர் கோடி பரப்பி வாங்கிய ஜேதவனத்தைக் கொடுக்கிறார் என்று விளக்கக் குறிப்பு வேறு. வாங்கிக்கொள்ளும் புத்தர் எங்கே? கிடையாது!

சரி, கடைகளில் தொப்பையைத் தட்டிச் சிரிக்கிறாரே, அந்த 'சிரிக்கும் புத்தர்'? அவர் வேறு ஆள்! பத்தாம் நூற்றாண்டில் சீனாவில் துணிமூட்டை சுமந்து திரிந்த புதாய் என்ற துறவி அவர். நம்மவர் தொப்பைக்கு நேர்மாறு. ஞானம் தேடி உருவேலக் காட்டில் பட்டினி கிடந்தபோது, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் அகப்பட்டது, உடம்பைத் தடவினால் ரோமம் வேரோடு உதிர்ந்தது என்று பிற்காலத்தில் அவரே சீடர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

நடுராத்திரியில் தூங்கும் மனைவியையும் பிள்ளையையும் எட்டிப் பார்த்துவிட்டுக் குதிரையேறிப் போனாரே, அந்தக் கதைக்கு வருவோம். பழைய சூத்திரங்களில் புத்தர் தன் வாயால் தன் கதையைச் சொல்லும் இடங்களில் குதிரையும் இல்லை, நள்ளிரவும் இல்லை! தாயும் தந்தையும் கண்ணீர் வடித்து அழ அழ, தான் இளம் வயதிலேயே முடி மழித்துக் கிளம்பியதாகத்தான் சொல்கிறார். கிழவன், நோயாளி, பிணம், துறவி என்று நான்கு காட்சிகளைத் தேரில் போய்ப் பார்க்கும் கதை பழைய நூலில் வேறொருவர் மேல் இருக்கிறது: முந்தைய யுகத்து விபஸ்ஸி புத்தரின் மேல்! அது பிறகு கௌதமரின் வாழ்க்கையாகப் பாடப்பட்டது. எனக்கு அந்தக் குதிரைக் கதையைவிட, அழுகிற பெற்றோரின் எதிரிலேயே கிளம்பிப் போன கதைதான் கனமாகத் தோன்றுகிறது. நள்ளிரவில் நழுவுவது சுலபம்.

அவர் மகாராஜாவின் மகன் என்பதும் அரைகுறை உண்மைதான். சாக்கியர்கள் முடியரசு நடத்தியவர்கள் அல்லர். குலத் தலைவர்கள் ஒரு பொதுமண்டபத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கும் கணசங்கம் அது, கோசல மன்னனின் மேலாண்மைக்கு உட்பட்டது. சுத்தோதனர் அப்படிப்பட்ட தலைவர்களில் ஒருவர். இதன் விளைவு எங்கே போய் முடிந்தது தெரியுமா? பௌத்த சங்கத்தில்! ஒரு தீர்மானத்தை மூன்று முறை சபையில் அறிவிப்பார்கள், மறுப்பவர் பேசவேண்டும், சம்மதிப்பவர் மௌனமாக இருந்தால் போதும். கருத்து வேறுபாடு முற்றினால் 'சலாகை' என்ற குச்சிகளைக் கொடுத்து வாக்கெடுப்பு. குறைந்தபட்சம் இத்தனை பேர் இல்லாமல் சபை செல்லாது என்றும் விதி உண்டு. 1949 நவம்பர் 25-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர் இதைத்தான் எடுத்துக்காட்டினார். இந்தியாவுக்கு நாடாளுமன்ற நடைமுறை புதிதல்ல, பிக்கு சங்கங்கள் அதை அறிந்திருந்தன என்று!

ஞானம் பெற்ற கையோடு உலகமே அவர் காலில் விழுந்தது என்று நினைத்தால் அதுவும் தப்பு. போதி மரத்தடியிலிருந்து கிளம்பிக் கயைச் சாலையில் நடக்கிறார். முதலில் எதிர்ப்பட்டவர் உபகன் என்ற ஆசீவகத் துறவி. உன் முகம் இத்தனை தெளிவாக இருக்கிறதே, உன் குரு யார் என்று கேட்கிறார். எனக்குக் குரு இல்லை, நானாகவே கண்டேன் என்கிறார் புத்தர். இருக்கலாம் இருக்கலாம் என்று தலையாட்டிவிட்டு உபகன் வேறு பாதையில் போயே போய்விட்டார்! உலகின் முதல் புத்த உபதேசத்தைக் கேட்டிருக்கவேண்டியவர்!

புத்தர் சோர்ந்தாரா? 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்து காசிக்குப் பக்கத்தில் சாரநாத் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்த ஐந்து பழைய கூட்டாளிகளும், பட்டினியைக் கைவிட்டுச் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டான் என்று இவர்மேல் கோபமாக இருந்தவர்கள். இவர் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே, எழுந்திருக்கக் கூடாது, பாத்திரத்தை வாங்கக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டார்கள். கிட்டே வர வர, ஒருவர் பாத்திரத்தை வாங்கிக்கொள்ள, ஒருவர் ஆசனம் போட, ஒருவர் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்! அந்த ஐவருக்குச் சொன்னதுதான் நடுவழி: சுகபோகத்திலும் புரளாதே, உடம்பையும் வதைக்காதே. துன்பம் இருக்கிறது, துன்பத்துக்குக் காரணம் ஆசை, அது தீரும், தீர வழி இருக்கிறது என்ற நான்கு உண்மைகள். நல்ல பார்வையில் தொடங்கி மன ஒருமையில் முடியும் எட்டு உறுப்புள்ள அந்த வழி. மீதி 45 ஆண்டுகள் சொன்னதெல்லாம் இதன் விரிவுதான்.

இனி வரப்போவதை நம் ஊர் விவசாயி கேட்டால் துள்ளிக் குதிப்பார். பிக்குகள் போர்த்தும் சீவர ஆடை எதைப் பார்த்துத் தைத்தது தெரியுமா? வயலைப் பார்த்து! ஒருமுறை மகதநாட்டு வயல்வெளிகளினூடே நடந்து போகும்போது, பாத்தி பாத்தியாக, நீள வரப்பும் குறுக்கு வரப்புமாகக் கிடந்த வயலைக் காட்டி, இந்த மாதிரி பிக்குகளுக்கு ஆடை தைக்க முடியுமா என்று சீடர் ஆனந்தரைக் கேட்டார் புத்தர். ஆனந்தர் கந்தல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் காட்டினார். புத்தருக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனந்தர் கெட்டிக்காரர் என்று எல்லோர் முன்னும் பாராட்டினார். வெட்டித் தைத்த துணி என்பதால் திருடனும் ஆசைப்படமாட்டான் என்ற காரணமும் உண்டு. இன்றைக்கும் கொழும்பிலோ பாங்காக்கிலோ ஒரு பிக்குவின் காவித்துணியை உற்றுப் பாருங்கள். நீளப் பட்டிகளும் குறுக்குத் தையல்களும் தெரியும். 2,400 வருஷத்துக்கு முந்தைய பீகார் வயல் வரப்புகள்!

புத்தர் சொந்த ஊருக்குத் திரும்பியபோது நடந்ததைக் கேளுங்கள். கபிலவஸ்துவில் மனைவி யசோதரை, மகன் ராகுலனை அழைத்து, அதோ உன் அப்பா, போய் உன் பிதுரார்ஜிதச் சொத்தைக் கேள் என்று அனுப்பினார். பிள்ளைக்கு ஏழு வயது என்பார்கள். அவன் அப்பாவின் நிழல் சுகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய்ச் சொத்தைக் கேட்டான். புத்தரிடம் இருந்த சொத்து ஒன்றுதான். சீடர் சாரிபுத்தரைக் கூப்பிட்டுப் பையனுக்குத் துறவு கொடுக்கச் சொல்லிவிட்டார்!

தாத்தா சுத்தோதனர் துடித்துப்போனார். நீ போனபோது அழுதேன், உன் தம்பி நந்தன் போனபோதும் அழுதேன், இப்போது பேரனும் போய்விட்டானே, பிள்ளைப்பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்புவரை போகிறது, இனிமேல் தாய்தகப்பன் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதே என்று கேட்டார். புத்தர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு அதைச் சங்கத்தின் சட்டமாகவே ஆக்கினார். இன்றைக்கும் பிக்குவாகச் சேர வருபவரிடம் பெற்றோர் அனுமதி வாங்கினாயா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தாத்தாவின் அழுகை இருக்கிறது.

சாக்கிய இளவரசர்கள் ஆறு பேர் துறவு பூணக் கிளம்பியபோது உடன் போனவர் அவர்களின் நாவிதர் உபாலி. எல்லை தாண்டியதும் நகைகளையெல்லாம் கழற்றி மூட்டை கட்டி, நீ வைத்துப் பிழைத்துக்கொள் என்று உபாலியிடம் கொடுத்துவிட்டார்கள். இதோடு ஊருக்குப் போனால் சாக்கியர்கள் என்னைக் கொன்றே போடுவார்கள் என்று பயந்த உபாலி, மூட்டையை ஒரு மரத்தில் தொங்கவிட்டு, பார்க்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இளவரசர்களின் பின்னாலேயே ஓடிவந்தார். அடுத்து அந்த இளவரசர்கள் புத்தரிடம் கேட்டதுதான் ஆச்சரியம்: சாக்கியர்களான எங்களுக்குத் திமிர் அதிகம், ஆகையால் முதலில் உபாலிக்குத் துறவு கொடுங்கள், பிறகு எங்களுக்கு! சங்கத்தில் முன்னால் சேர்ந்தவரே மூத்தவர். முடி வெட்டியவரின் காலை இளவரசர்கள் ஆயுள் முழுக்க வணங்கினார்கள். புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கப் பேரவையில், விதிகள் அத்தனையையும் ஒப்பித்துச் சொல்லும் பொறுப்பு யாரிடம் போனது? அதே உபாலியிடம்!

பெண்கள் கதையை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிறந்த ஏழாம் நாளே தாய் மாயாதேவி இறந்துவிட, சித்தார்த்தருக்குப் பாலூட்டி வளர்த்த சித்தி மகாபிரஜாபதி கௌதமி சங்கத்தில் சேரக் கேட்டபோது புத்தர் மூன்று முறை மறுத்தார். அவர் விடவில்லை. முடியை வெட்டி, காவி உடுத்தி, வேறு பல பெண்களோடு வைசாலி வரை நடந்தே வந்து, வீங்கிய காலும் புழுதி படிந்த உடம்புமாக வாசலில் நின்று அழுதார். பார்த்த ஆனந்தருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் வாதாடினார்: பெண்ணால் ஞானம் அடைய முடியுமா, முடியாதா? முடியும் என்றார் புத்தர். அப்புறம் என்ன தடை? அனுமதி கிடைத்தது, ஆனால் பெண்களைக் கீழே வைக்கும் எட்டு விதிகளோடு. அந்த எட்டு விதிகள் எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் வாசல் திறந்தது. உள்ளே போன பெண்கள் பாடிய பாட்டுகள் 'தேரிகாதை' என்ற தொகுப்பாக இருக்கின்றன, 73 பாட்டுகள். உலகில் பெண்கள் பாடியவற்றின் மிகப் பழைய தொகுப்புகளில் ஒன்று!

அதில் பத்தா குண்டலகேசி என்றொருவர். ராஜகிருகத்துச் செல்வர் மகள். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒரு திருடனைக் காதலித்து மீட்டுக் கட்டிக்கொண்டார். அவன் நகைக்காக மலையுச்சியில் அவரைத் தள்ளப் பார்க்க, கடைசியாக ஒருமுறை வலம்வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவனையே தள்ளிவிட்டார்! பிறகு சமணத் துறவியாகி, ஊர் ஊராக வாசலில் நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைத்து, சாரிபுத்தரிடம் தோற்று, புத்தரிடம் வந்தார். பெயர் எங்கோ கேட்டது போலிருக்கிறதா? நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான 'குண்டலகேசி'யின் நாயகி இவர்தான்! நாதகுத்தனார் பாடிய அந்தக் காப்பியத்தில் நமக்கு மிஞ்சியது 19 பாட்டு மட்டும்.

புத்தர் அற்புதங்களுக்குத் தடை போட்டார் தெரியுமா? ராஜகிருகத்தில் ஒரு செல்வர் சந்தனக்கட்டையில் ஒரு பாத்திரம் கடைந்து, உயரமான மூங்கிலின் உச்சியில் தொங்கவிட்டார். சித்து தெரிந்த ஞானி யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு. பிண்டோல பாரத்வாஜர் என்ற பிக்கு ஆகாயத்தில் எழும்பி அதை எடுத்து, ஊரை மூன்று சுற்றுச் சுற்றியதாக நூல் சொல்கிறது. ஊரே ஆரவாரம் செய்துகொண்டு பின்னால் வந்தது. புத்தருக்கு வந்த கோபம்! அற்ப மரப்பாத்திரத்துக்காகவா இந்த வேடிக்கை என்று கண்டித்து, இனி எந்தப் பிக்குவும் மக்கள்முன் சித்து காட்டக் கூடாது என்று விதி செய்தார். பாத்திரத்தை உடைத்து அரைத்து, கண்மையில் வாசனைக்குச் சேர்க்கக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்பதற்கு இந்தக் காட்சி போதும். ஒருநாள் பிக்குகளின் இருப்பிடத்தைச் சுற்றிப்பார்த்துக்கொண்டு வரும்போது ஒரு பிக்கு வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடக்கிறார். யாரும் கவனிக்கவில்லையா? இல்லை, நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை, அதனால் யாரும் வருவதில்லை என்கிறார் அவர். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தர், கால்பக்கம் ஆனந்தர் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம் எல்லோரையும் கூட்டி, உங்களுக்கு இங்கே தாயும் இல்லை தகப்பனும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பார்கள், எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார்.

அவர் பேச்சையும் எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது! கௌசாம்பியில் பிக்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. கழிப்பறைப் பாத்திரத்தில் ஒருவர் தண்ணீரை மிச்சம் வைத்ததில் ஆரம்பித்ததாம்! புத்தர் சமாதானம் சொல்லச் சொல்ல, நீங்கள் நிம்மதியாக இருங்கள், இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். யாரிடமும் சொல்லாமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போய்விட்டார் அவர். அங்கே மந்தைத் தொல்லை தாங்காமல் ஒதுங்கிவந்த ஒரு யானை துணை. பிக்குகளை வழிக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? ஊர்மக்கள்! எங்கள் குருவை விரட்டிய உங்களுக்குச் சோறு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். வயிறு காய்ந்ததும் சண்டை தீர்ந்தது.

அவர் ஓர் எழுத்துகூட எழுதிவைக்கவில்லை. சமஸ்கிருதச் செய்யுளில் கட்டிவைக்கலாமே என்று அந்தண சகோதரர்களான இரண்டு சீடர்கள் கேட்டபோது மறுத்து, அவரவர் பேச்சுமொழியிலேயே கற்கட்டும் என்றார். ஏறத்தாழ 400 ஆண்டுகள் அத்தனை உபதேசமும் மனப்பாடமாகவே ஓடின! இலங்கையில் ஒரு கொடும்பஞ்சத்தில் பிக்குகள் செத்து விழ, ஒரு நூல் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவரோ ஒழுக்கம் கெட்டவர். நூல் அழியக் கூடாதே என்று மற்றவர்கள் அவரிடமே போய்ப் பாடம் கேட்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் ஓலையில் எழுதினார்கள். 

புத்தரின் கடைசி நாட்களுக்கு வருவோம். 80 வயதில், பாவா ஊரில் சுந்தன் என்ற கொல்லர் போட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ரத்தபேதி. அந்த வேதனையிலும் அவர் கவலை என்ன தெரியுமா? நம் சோற்றைத் தின்றுதான் செத்தார் என்று சுந்தன் மருகக் கூடாதே! ஞானம் பெறும் முன் உண்ட சோறும் இந்தச் சோறும் சமமான புண்ணியம் என்று அவரிடம் போய்ச் சொல் என்று ஆனந்தரிடம் சொல்லிவைத்தார்.

அவர் மறைந்ததும் அஸ்திக்காக எட்டுத் தரப்பினர் மல்லுக்கு நின்றார்கள். பொறுமையைப் போதித்தவர் எலும்புக்கு யுத்தமா என்று கேட்டு, துரோணர் என்ற அந்தணர் எட்டாகப் பங்கிட்டார். 1898-ல் நேபாள எல்லை அருகே பிப்ராவாவில் ஒரு மண்மேட்டைத் தோண்டிய பெப்பே என்ற எஸ்டேட் உரிமையாளர் எலும்புகளையும், சாக்கியர்கள் வைத்த புத்தரின் அஸ்தி என்று பிராமியில் பொறித்த பேழையையும், குவியலாக மணிகளையும் கண்டார். எலும்புகள் சயாம் மன்னருக்குப் போயின. மணிகளில் ஒரு பகுதி அந்தக் குடும்பத்திடமே தங்கி, 2025-ல் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது! இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவிக்க, ஏலம் நின்று, அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவுக்குத் திரும்பின.

ஐரோப்பாவில் அவர் கிறிஸ்தவப் புனிதராகவே இருந்தார், தெரியுமா? துறவியாகும் இந்திய இளவரசனின் கதை அரபி, ஜார்ஜியம், கிரேக்கம் என்று கைமாறி, 'போதிசத்துவர்' என்ற பெயர் தேய்ந்து 'ஜோசபாத்' ஆகி, கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் நவம்பர் 27-ம் தேதியில் ஏறியது. 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ புத்தரைப் பற்றிக் கேள்விப்பட்டு, இவர் கிறிஸ்தவராக இருந்திருந்தால் பெரிய புனிதராகியிருப்பார் என்று எழுதினார். ஏற்கெனவே ஆகிவிட்டார் என்று அவருக்குத் தெரியாது!

பிறந்த மண்ணிலோ அவரை மறந்தே போனோம். 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்து, 1896-ல் லும்பினியில் அசோகன் தூண் கிடைத்த பிறகுதான் பிறந்த இடம் உறுதியானது. சாக்கியமுனி இங்கே பிறந்தார், ஆகவே இந்த ஊருக்கு வரிச்சலுகை என்கிறது தூண்! விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கட்டினால் போதுமாம்.

தமிழ்நாட்டிலும் மறதிக்குக் குறைவில்லை. ராஜராஜன் ஆனைமங்கலத்தை இறையிலியாகக் கொடுத்த நாகப்பட்டினம் சூடாமணி விகாரையில் இன்று ஒரு கல்கூட இல்லை. அந்த ஊர் மண்ணில் 350-க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் மட்டும் கிடைத்தன. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாகப் பல காலம் கும்பிடப்பட்ட சிலை புத்தர்தான் என்று தொல்லியல் வல்லுநர்கள் ஆராய்ந்து சொல்ல, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. சோழநாட்டு வயல்களிலும் குளக்கரைகளிலும் இப்படி எத்தனையோ கல் புத்தர்கள் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊர் வரப்போரம் சம்மணமிட்டு, மடிமேல் கைவைத்து ஒரு பழைய சிலை இருந்தால் அதற்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். ஒரு படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.